மூன்றாம் பொத்தான்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் ஒரு சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேஜையில் கொட்டினான். பழைய லிஃப்ட் ஒன்றிலிருந்து கழற்றிய ஐந்து பொத்தான்கள், ஒரு மணி, எண்காட்டிகள் ஐந்து, சுருள் சுருளாக ஒயர். லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் இதெல்லாம் அதிசயமில்லை. அண்ணி அதைப் பார்த்துக் கைதட்டினாரே, அதுதான் அதிசயம். மேஜையில் ஒரு ஸ்க்ரூ கிடந்தாலே "இது வீடா, பட்டறையா?" என்று கேட்கிறவர் அவர்.

"அஞ்சும் வேலை செய்யுதாங்க?"

"நாலு தங்கம். அஞ்சாவது கொஞ்சம் மக்கர். அழுத்தி அடிக்கணும்."

"அதை பேசோஃபிலுக்கு வச்சிடுங்க. நூத்துல ஒண்ணுதான் வரும்."

"யாரு அது, அவ்வளவு பெரிய மனுஷன்?" என்றான் அண்ணன்.

பேசோஃபில் ரத்தத்தில் இருக்கிற ஒரு வெள்ளை அணு. அண்ணியின் தொழிலே அதுதான். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வெள்ளை அணுக்கள் ஐந்து வகையாகத் தெரியும். நூறு அணுக்களை எண்ணி, எந்த வகை எத்தனை என்று சொல்ல வேண்டும். கண் மைக்ராஸ்கோப்பை விட்டு நகரக் கூடாது. கை மட்டும் ஐந்து விசைகள் வைத்த ஒரு கருவியின் மேல் தானாக ஓட வேண்டும். நூறு சேர்ந்ததும் கருவி மணி அடிக்கும்.

ஊரில் ஒன்பது வருஷம் அண்ணி இந்த வேலையைத்தான் பார்த்தார். கருவி இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம், ஐந்து கட்டம், பேனாவால் கோடு. கண்ணை லென்ஸில் வைத்து, எடுத்து, கோடு போட்டு, மறுபடி வைத்து. ஒரு நாளைக்கு நாற்பது தகடு எண்ணுவார். ஆனால் ரிப்போர்ட்டின் கீழே கையெழுத்து அண்ணியுடையது இல்லை; அது டாக்டருடையது. அண்ணனோடு இந்த நாட்டுக்கு வந்த பிறகு எண்ணுகிற வேலையும் போயிற்று. அண்ணியின் பழைய சான்றிதழை இங்கே இருந்த அலுவலர் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல தாள்" என்றாராம். அத்தோடு சரி.

அதனால் ஒரு பெரிய ஆஸ்பத்திரி லேபின் ஜன்னலில் அண்ணி உட்கார்ந்தார். டியூப்களை வாங்கி, ஒட்டியிருக்கும் சீட்டைச் சரிபார்த்து, அடுக்கில் வைக்க வேண்டும். உள்ளே போகலாம், மைக்ராஸ்கோப்பைத் தொடக் கூடாது. அங்கே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் மூத்த டெக்னீஷியனுக்கு முத்திரை அக்கா என்று பெயர். எந்நேரமும் ரப்பர் முத்திரை அவர் சட்டைப் பையிலேயே இருக்கும். ஒருநாள் முத்திரை அக்கா தகடு ஒன்றைத் திரையில் போட்டுவிட்டு எழுந்து போனபோது, அடுக்கு வைக்கப் போன அண்ணி பார்த்துவிட்டார்.

"அக்கா, இதுல ஈசினோஃபில் நிறைய இருக்கே. வயித்துப் பூச்சியா இருக்குமோ?"

முத்திரை அக்கா எண்ணிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீ சொன்னது சரி. ஆனா நீ சொல்லக் கூடாது."

அந்த வாக்கியத்தை அண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே எங்களிடம் சொன்னார். அழுவார் என்று நினைத்தேன். "தம்பி, அந்தப் பரீட்சைக்கு எப்படிப் பணம் கட்டணும்னு பாரு" என்றார்.

உரிமப் பரீட்சைக்கு மூன்றே வாய்ப்பு. முதல் தடவை எழுத்துத் தேர்விலேயே போயிற்று. "பின்வருவனவற்றுள் பொருந்தாதது எது?" என்ற கேள்விகளுக்கெல்லாம் அண்ணி பொருந்துவதைப் பார்த்துப் பார்த்து எழுதிவிட்டு வந்தார். இரண்டாம் தடவை எழுத்துத் தேர்வில் தேறினார். செய்முறைத் தேர்வில் கவிழ்ந்தார். கொடுத்த கருவியில் கைப்பழக்கம் இல்லை. அதை ஒதுக்கிவிட்டுப் பழையபடி பேனாவால் கோடு போட, எழுபத்து மூன்றாவது அணுவில் நேரம் முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரே வாய்ப்பு, செய்முறைக்கு மட்டும். அதிலும் போனால் கல்லூரியில் முதல் வருஷத்திலிருந்து இரண்டு வருஷப் படிப்பு, பகல் நேர வகுப்பு. ஜன்னல் வேலையையும் விட வேண்டும். அண்ணிக்கு வயது முப்பத்தொன்பது.

அந்தக் கருவியை வீட்டிலேயே செய்துவிடலாம் என்று கிளம்பியவன் அண்ணன்தான். ஒரு பலகையில் ஐந்து பொத்தான்களையும் வரிசையாகப் பதித்தான். "எது எதுன்னு எழுதிக் குடு" என்றதும், ஒன்பது வருஷ நோட்டில் இருந்த வரிசையை அண்ணி அப்படியே எழுதிக் கொடுத்தார்: நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட், ஈசினோஃபில், மோனோசைட், பேசோஃபில். அண்ணன் ஒயரை முறுக்கினான். மதியத்துக்குள் பலகை உயிர்பெற்றது. நூறாவது அழுத்தலில் மணி அடித்தது. வீட்டுக்குள் லிஃப்ட் வந்து நின்ற மாதிரி மூவரும் ஒரு நொடி வாசலைப் பார்த்தோம்.

அடுத்த இரண்டு மாதம் வீடு திருவிழாக் கடை மாதிரி இருந்தது. நான் கணினியில் அணுப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுவேன். அண்ணி திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் அடிப்பார். எங்களுக்கும் விளங்க வேண்டும் என்று அவரே பட்டப்பெயர் வைத்தார். உள்கரு மூன்று நான்கு முடிச்சாக இருக்கும் நியூட்ரோஃபில், முடிச்சு மாமா. உருண்டையாகக் குந்தியிருக்கும் லிம்ஃபோசைட், குண்டு அத்தை. ஆரஞ்சு மணிகள் மின்னும் ஈசினோஃபில், ஜிகினாச் சட்டை மச்சான். பெரிய உடம்பைப் பரப்பிக்கொண்டு சாம்பல் நிறத்தில் கிடக்கும் மோனோசைட், சோம்பேறிப் பெரியப்பா. பேசோஃபில், சம்பந்தி. எப்போதாவது வருவார், வந்தால் முகம் கருத்திருக்கும்.

"இது குண்டு அத்தையா பெரியப்பாவா?" என்று அண்ணன் திணறுவான்.

"உங்க குடும்பத்த உங்களுக்கே அடையாளம் தெரியலயே!"

முதல் வாரம் நூறு எண்ணப் பதினொரு நிமிஷம். பிறகு எட்டு. பிறகு ஆறரை. அண்ணன் வேலை இடத்திலிருந்து போன் பண்ணி, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் "இன்னிக்கி எத்தனை நிமிஷம்?" என்பான். பேருந்துக் கம்பியில், மாடிப்படிக் கைப்பிடியில், எங்கே கை வைத்தாலும் அண்ணியின் ஐந்து விரலும் தாளம் போட்டன. "டேய், முந்தாநாள் என் முதுகுல முப்பது அத்தைய எண்ணிட்டாடா" என்று அண்ணன் என்னிடம் பெருமையாக முறையிட்டான். பரீட்சைக்கு முந்தைய நாள் ஐந்தே கால் நிமிஷம்! பொத்தானைப் பார்க்கவே இல்லை. "பார்க்காம அடிக்கிறதுதான் கெத்து" என்றார் அண்ணி.

பரீட்சை நாள் காலை நான் லீவு போட்டிருந்தேன். அடையாள அட்டை, நுழைவுச் சீட்டு, இரண்டு பேனா என்று ஃபைலை மூன்று தடவை சரிபார்த்தேன். நான்காம் தடவை அண்ணி பிடுங்கிக்கொண்டார். "இதுக்கு மேல பார்த்தா எழுத்து தேஞ்சிடும் தம்பி." அண்ணன் வெள்ளைக் கோட்டின் காலரை நீவிவிட்டு, "பதறாத. கதவு மூடலன்னா இன்னொரு தடவ அழுத்து" என்றான். அவனுக்குத் தெரிந்த ஆசீர்வாதம் அது.

தேர்வு மையத்தில் விதிகள் சுவரில் ஒட்டியிருந்தன. நாங்கள் இருவரும் படித்தோம். அண்ணி உள்ளே போய்விட்டார். மூன்றாவது விதி: அடித்தல் திருத்தலுக்கு மதிப்பெண் குறைக்கப்படும். ஐந்தாவது விதி: விடைத்தாளில் தேர்வு எண் தவிர பெயரோ கையெழுத்தோ இருந்தால் தாள் நிராகரிக்கப்படும்.

"இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா என்ன" என்றான் அண்ணன்.

உள்ளே நடந்ததை அண்ணி பிற்பாடு பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். பத்தாவது தடவையும் எழுந்து நின்றுதான் சொன்னார்.

பன்னிரண்டு மேஜைகள். ஒவ்வொன்றிலும் மைக்ராஸ்கோப், எண்ணும் கருவி, ஒரு டியூப் ரத்தம், சாயப் புட்டி, தகட்டில் ஒட்டும் வெற்றுச் சீட்டுகள், ஒரே ஒரு விடைத்தாள். மணி அடித்தது. ஒரு சொட்டு ரத்தம், ஒரே இழுப்பு. பூச்சு நாக்கு மாதிரி வந்து நுனியில் மெலிந்தது. பக்கத்து மேஜைக்காரர் மூன்றாவது தகட்டில் இழுத்துக்கொண்டிருந்தார். சாயம் ஏறிக் கழுவியதும் பூச்சு இளஞ்சிவப்பாக, அழகாக இருந்தது. எண்ணெய்ச் சொட்டு வைத்து, கண்ணை லென்ஸில் பதித்து, விரல்களைக் கருவியில் வைத்தார். அவ்வளவுதான், விரல்கள் ஓடின. மாமா, மாமா, அத்தை, மச்சான், மாமா! நாற்பது தாண்டும்போது தகடு கொஞ்சம் நழுவியது. நிமிர்ந்து, சரிசெய்து, கருவியை ஒரு பார்வை பார்த்து, மறுபடி குனிந்தார். மணி அடித்தது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தால் ஐந்து நிமிஷம் பத்து வினாடி.

"தம்பி, எழுந்து ஆடலாம் போல இருந்தது!"

கருவி காட்டிய எண்களை வரிசையாகத் தாளில் இறக்கினார். ஐம்பத்தெட்டு, இருபத்திரண்டு, பதினான்கு, ஐந்து, ஒன்று. கூட்டினால் நூறு. பேனாவை மூடப் போகும்போதுதான் கட்டங்களின் மேலே அச்சடித்திருந்த பெயர்களைப் படித்தார். மூன்றாவது கட்டம்: மோனோசைட்.

பதினாலு பெரியப்பாவா? நான் பார்த்தது அத்தனையும் ஜிகினா மச்சான் ஆச்சே!

கருவியைப் பார்த்தார். அதிலும் அப்படித்தான். இந்த நாட்டு வரிசையில் மூன்றாவது விசை மோனோசைட், நான்காவது ஈசினோஃபில். நம் வீட்டுப் பலகையில் அது நேர்மாறு. இரண்டு மாதம் உருவேற்றிய விரல், கருவியைக் கேட்காமல் பலகையையே அடித்திருக்கிறது.

அப்படியானால் இரண்டு எண்களையும் இடம் மாற்றிவிட்டால் முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். அண்ணிக்கும் தோன்றியது. ஆனால் நாற்பதில் ஒருமுறை கருவியைப் பார்த்தோமே, அப்போது விரல் திருந்தியிருந்தால்? முதல் நாற்பது வீட்டுக் கணக்கு, பின் அறுபது இந்த ஊர்க் கணக்கு என்று ஆகியிருந்தால்? தெரியாது. தெரியாததை எப்படி எழுதுவது? கடிகாரத்தில் எட்டு நிமிஷம் மீதி.

இன்னொரு தடவை அழுத்து என்று அண்ணன் சொன்னது காதில் கேட்டதாம். மறுபடி எண்ணலாம், விரலை நம்ப முடியாதே. வெற்றுச் சீட்டு ஒன்றைக் கிழித்து, சின்ன உருண்டையாக உருட்டி, இன்னொரு சீட்டால் மூன்றாவது விசையின் மேல் ஒட்டினார். கொப்புளம் மாதிரி ஒரு மேடு. மேடு தட்டினால் பெரியப்பா. தட்டாவிட்டால் மற்றவர்கள். மறுபடி குனிந்தார்.

இந்த முறை விரல் ஓடவில்லை, நடந்தது. மணி அடித்தபோது மீதி ஒன்றரை நிமிஷம். ஐம்பத்தேழு, இருபத்து மூன்று, ஆறு, பதின்மூன்று, ஒன்று. பழைய எண்களை ஒரே கோட்டால் அடித்து, மேலே புதியவற்றை எழுதி, பக்கத்தில் "விசை மாறியதால் மறுபடி எண்ணப்பட்டது" என்று குறித்துத் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்.

வந்ததும் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னார். அண்ணன் விசிலடித்தான். எனக்கு மட்டும் மூன்றாவது விதி உறுத்தியது.

"அடிச்சு எழுதினா மார்க் குறைப்பாங்களே அண்ணி?"

"குறைக்கட்டும். லேப் நோட்டுல தப்ப அழிக்கக் கூடாது தம்பி. ஒரே கோடு. கீழ இருக்கிற தப்பு படிக்கிற மாதிரி இருக்கணும். பக்கத்துல நேரம் எழுதி, கையெழுத்துப் போ..."

அண்ணி நின்றுவிட்டார். வலது கையைத் தூக்கி, வேறு யாருடையதோ போல அதைப் பார்த்தார்.

"போட்டுட்டேன்."

"எத?"

"கையெழுத்த."

நாங்கள் மூவரும் சுவரைப் பார்த்தோம். ஐந்தாவது விதி அங்கேயே இருந்தது. அண்ணன் அதை விரலால் தடவிப் பார்த்தான், எழுத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி.

நேர்முகக் கேள்விகள் மதியம். இடையே ஒரு மணி நேரம். அண்ணி நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்து தொடையில் விரல்களைத் தட்டினார். அண்ணன் தண்ணீர் வாங்கி வந்தான், பிறகு இன்னொரு புட்டி, பிறகு இன்னொன்று.

"இவ்வளவு தண்ணிய வச்சு என்ன பண்ண? தகடு கழுவவா?" என்று அண்ணி சிரித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. "விடுங்க. வந்த காரியத்த முடிச்சிட்டுப் போவோம்."

உள்ளே இரண்டு தேர்வாளர்கள். ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த பெண்மணி. மற்றவர் விதிப்புத்தகத்தை மடியிலேயே வைத்திருந்தார். நடுவில் அண்ணியின் தாள்.

"இது என்னம்மா?" என்றார் விதிப்புத்தகக்காரர், விரலைக் கையெழுத்தின் மேல் வைத்து.

"என் கையெழுத்து சார்."

"போடக் கூடாதுன்னு தெரியாதா?"

"தெரியும் சார். கை போட்டுடுச்சு. கோடு போட்டா கையெழுத்துப் போடணும். இல்லன்னா யாரு அடிச்சாங்கன்னு தெரியாது, அந்த ரிப்போர்ட்ட யாரும் நம்ப முடியாது."

கண்ணாடிப் பெண்மணி தாளைத் தன் பக்கம் இழுத்தார். "இது இருக்கட்டும். மோனோசைட் விசை மேல என்னமோ ஒட்டியிருக்குன்னு சொன்னாங்க. அது என்ன?"

அண்ணி சொன்னார். பலகையைச் சொன்னார், லிஃப்ட் பொத்தானைச் சொன்னார், நோட்டு வரிசையைச் சொன்னார். பதற்றத்தில் பெரியப்பாவும் மச்சானும்கூட வெளியே வந்துவிட்டார்கள். கண்ணாடிப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதல் எண்ணிக்கைய இடம் மாத்தி எழுதியிருந்தா உங்களுக்கு நேரம் மிச்சம். கிட்டத்தட்ட சரியாவும் இருந்திருக்கும்."

"இருந்திருக்கும் மேடம். ஆனா நான் எண்ணினதா இருக்காது."

விதிப்புத்தகக்காரர் பக்கங்களைப் புரட்டினார். புரட்டிப் புரட்டி, ஓரிடத்தில் நின்று, மெல்ல இருமினார். "ஐந்தாவது விதி... எழுத்துத் தேர்வுத் தாள்களுக்கு, அப்படின்னுதான் போட்டிருக்கு."

"பின்ன? இங்க முகத்தப் பார்த்துட்டே மார்க் போடறோம், பேர மறைச்சு என்ன ஆகப் போகுது?" என்றார் பெண்மணி. "அடிச்சதுக்கு ரெண்டு மார்க் குறைங்க. அது விதி."

இரண்டே மார்க்! அண்ணி அதை வெளியே வந்து சொன்ன விதத்தைப் பார்த்து, எதிரே வந்தவர்கள் இரண்டு மார்க் கூடுதலாகக் கிடைத்ததாக நினைத்திருப்பார்கள்.

ஆனாலும் முடிவு வர மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் அண்ணன் பலகையைப் பிரித்து மூன்றாவது, நான்காவது ஒயர்களை மாற்றி முடுக்கினான். "எதுக்குங்க? இனிமே பரீட்சை கிடையாதே" என்றார் அண்ணி. "வேலைக்குப் போனா வேண்டாமா?" என்றான், கடிதம் கையில் இருப்பவன் போல. நான் தபால்பெட்டியை ஒரு நாளைக்கு மூன்று தடவை திறந்தேன். தபால் ஒரு தடவைதான் வரும் என்று எனக்குத் தெரியும்.

கடிதம் வந்த அன்று அண்ணி அதை நின்றபடி படித்தார், உட்கார்ந்து படித்தார், என்னிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். தேர்ச்சி. மருத்துவ ஆய்வக டெக்னீஷியன். பரிசோதனை முடிவுகளில் கையெழுத்திடத் தகுதி உடையவர். "அந்தக் கடைசி வரிய மட்டும் இன்னொரு தடவ படி தம்பி." ஆறு தடவை படித்தேன்.

அடுத்த மாதம் முதல் தேதி அண்ணி ஜன்னலைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தார். முதல் வேலையாகச் சீட்டு ஒன்றை உருட்டி, கருவியின் மூன்றாவது விசையில் ஒட்டினார். முத்திரை அக்கா வந்து தடவிப் பார்த்தார்.

"என்னடி இது கொப்புளம்?"

"அது பெரியப்பா அக்கா. தொட்டா தெரியும்."

முத்திரை அக்காவுக்கு எதுவும் விளங்கவில்லை. ஆனாலும் ஒரு தகட்டை எடுத்து நீட்டினார். "எண்ணு. எண்ணி, நீயே சொல்லு."

அண்ணி எண்ணினார். மணி அடித்தது. எழுதினார், ஒருமுறை கூட்டிப் பார்த்தார், கீழே கோட்டின் மேல் கையெழுத்துப் போட்டார். இந்த முறை அந்த இடத்தில் அதற்கென்றே கோடு அச்சடித்திருந்தது. பிறகு நடைவழிக்கு ஓடி வந்து அண்ணனுக்குப் போன் பண்ணினார். அவன் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, போட்டுட்டேன்!"

"எத?"

"கையெழுத்த!"

கிணற்றுக்குள்ளிருந்து அவன் போட்ட கூச்சல் ஏழு மாடிக்கும் கேட்டதாம். ஏதோ அறுந்து விழுந்துவிட்டது என்று ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்களாம்.